பன்றி வருடத்துப் புத்தகம்

தைப்பிங்
1 மார்ச் 1994

அன்புத் தம்பி எங் லீயாட்,

அக்கா சியூ கிம் எழுதுகிறேன். நான் நலம். உன் அத்தான் முழங்கால் நீங்கலாக நலம். ஹோபார்ட்டில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி எதையும் நீ வைக்கவில்லையே.

உன் புத்தாண்டு அட்டை வந்தது. பதினோரு வருடமாக வருகிற அதே அட்டைதான். முன்பக்கம் ஒரு பனிமலை, பின்பக்கம் உன் கையெழுத்து. நடுவில் ஒரு வரி எழுதினால் விரல் தேய்ந்துவிடுமா? நாள் முழுக்கத் தளக்கல் பதிக்கிறவனுக்குப் பேனா பிடிக்கக் கை வராதுதான். போகட்டும். அட்டை வந்தால் ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். அப்பாவின் படச்சட்டத்தில் செருகி வைத்திருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாலாம் கட்டைக் குன்றின் கிழக்குச் சரிவை வெட்டிப் புதுச் சாலை போடப் போகிறார்கள். நம் சீனர் சங்கத்தின் பழைய இடுகாடு முழுவதும் அந்தச் சரிவில்தான் இருக்கிறது. சங்க வாசலில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். ஏப்ரல் இருபதாம் தேதிக்குள் வாரிசுகள் வந்து தங்கள் கல்லறையைக் காட்டிப் பதிய வேண்டும். பதிந்தவர்களின் முன்னோர் எலும்பைத் தாழியில் எடுத்து, புது மண்டபத்தில் பெயர் போட்டு வைப்பார்கள். யாரும் கேட்காத எலும்பெல்லாம் சேர்ந்து ஒரே குழிக்குப் போகும்.

நம் தாத்தா குவா போ செங் அங்கேதான் இருக்கிறார். எந்த மூலையில் என்றுதான் யாருக்கும் தெரியாது! ஜப்பான்காரன் காலத்தில் யாரும் குன்றேறவில்லை. அதன் பிறகு காட்டில் கம்யூனிஸ்டுகள் பதுங்குகிறார்கள் என்று பன்னிரண்டு வருடம் முள்கம்பி வேலி போட்டு வைத்தார்கள். வேலியை எடுத்தபோது லாலாங் புல் ஆளையே மறைக்கும் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அப்பா இரண்டு தரம் ஏறித் தேடிவிட்டு, அட்டைக்கடியோடு திரும்பி வந்தார். செங் பெங் நாளில் ஊரே குன்றேறிக் கல்லறையைக் கூட்டிப் படைக்கும்போது, நாம் மட்டும் வீட்டில் முன்னோர் பெயர் எழுதிய பலகைக்கு முன்னால் கோழியை வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். உனக்கு நினைவிருக்கும். கோழித்தொடைக்காக நீ பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பாய்.

தாத்தாவை நான் தேடப் போகிறேன். முடிவு செய்துவிட்டேன். பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். எண்பத்து நாலு வயதாகிறது, காது கேட்கவில்லை, ஆனால் திட்ட வேண்டியது மட்டும் தெளிவாகக் கேட்கிறது. “பொம்பள குன்றேறிக் கல்லறை தேடற காலம் வந்துருச்சா?” என்றார். “ஆம்பளைங்க ஒழுங்காத் தேடியிருந்தா நான் ஏன் ஏறப்போறேன், பெரியப்பா?” என்றேன். அதன் பிறகு காது சுத்தமாகக் கேட்காமல் போய்விட்டது.

அவர் பெயரைப் பார்த்ததும் நீ கடிதத்தை மடித்துவிடுவாய் என்று தெரியும். மடிக்காதே. அப்பாவின் சவ ஊர்வலத்தில் ஊதுவத்திச் சட்டியை உன் கையிலிருந்து வாங்கித் தன் மகன் எங் ஹுவாட்டிடம் அவர் கொடுத்ததை நான் மறக்கவில்லை. “எடுத்து வளத்த புள்ள முன்னால நடக்கக் கூடாது” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னதையும் மறக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றுகொண்டு வாயைத் திறக்காமல் இருந்ததையும் மறக்கவில்லை. அடுத்த மாதமே நீ விமானம் ஏறிவிட்டாய்.

சங்கத்துக்குப் போய் இறப்புப் பதிவேட்டைக் கேட்டேன். குமாஸ்தா லாய் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே, அறுபது வருடத்துப் புத்தகத்தின் மேல் தோலைத் துப்புகிற மனிதர். அந்தக் காலப் புத்தகங்களை சீன விலங்கு வருடப்படிதான் கட்டி வைத்திருக்கிறார்கள். தாத்தா இறந்தது 1936 என்று நம் வீட்டில் எல்லோரும் சொல்வார்களே, அது எலி வருடம். எலிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை நாலு தரம் பார்த்தேன். குவா போ செங் என்று ஒருவரும் இல்லை. “அம்மா, அஞ்சாவது தரம் பாத்தா மட்டும் செத்துருவாரா?” என்கிறார் லாய். வாயைப் பார்!

புத்தகத்தில் இல்லாவிட்டால் என்ன, மண்ணில் இருப்பார். நாளைக் காலையிலிருந்து குன்றில் தேடுகிறேன். என் பலகாரக் கடையை ஒரு வாரத்துக்கு மூடிவிட்டேன். பக்கத்துக் கடைக்காரிக்கு ஏக சந்தோஷம்.

உடம்பைப் பார்த்துக்கொள். நமது முன்னோர் உனக்குத் துணையிருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா சியூ கிம்

---

தைப்பிங்
10 மார்ச் 1994

தம்பி! கண்டுபிடித்துவிட்டேன்!

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

எட்டு நாள் ஏறினேன். குன்றில் புல்லறுக்கிற அஞ்சலை என்ற தமிழ்ப் பெண்தான் எனக்கு வழிகாட்டி. முப்பது வருடமாகச் சீனக் கல்லறைகளில் புல்லறுத்துப் பிழைப்பவள். நம் ஹொக்கியன் பாஷையை என் பிள்ளைகளைவிட நன்றாகப் பேசுகிறாள். எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறாள். சிங்கம் உடைஞ்சவர், மாங்காய்த் தாத்தா, புருஷனோட சண்டை போட்டுத் தனியாப் படுத்தவ. முதல் நாள் என் செருப்பைப் பார்த்துவிட்டு, “தவுக்கேம்மா, கல்யாணத்துக்கா வந்தீங்க?” என்றாள். கடைக்காரி என்பதால் நான் அவளுக்கு முதலாளியம்மா. மறுநாள் உன் அத்தானின் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு போனேன். அவர் வீட்டிலேயே இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. பால் விடாத ‘கோப்பி ஓ’ நிரப்பிய குடுவையும் ஒரு மடக்கு நாற்காலியும் எடுத்துக்கொண்டு வந்து அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு, மணிக்கொரு தரம் “கெடச்சாரா?” என்று கத்துவார். கிடைத்தால் இறங்கி வந்து கைகுலுக்குவார் பாருங்கள் என்று நான் மேலேயிருந்து பதிலுக்குக் கத்துவேன்.

கல்லெல்லாம் பாசி பிடித்திருக்கிறது. எழுத்து தெரியாது. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பலகாரத்துக்கு வைத்திருந்த அரிசி மாவைக் கொண்டுபோய்க் கல்லில் தேய்த்தேன். பள்ளத்தில் மாவு நிற்கிறது, எழுத்து பளிச்சென்று வெளியே வருகிறது. எட்டு நாளில் ஆறு கிலோ மாவு! அஞ்சலை, “செத்தவங்களுக்கெல்லாம் பவுடர் போட்டு விடற மொத ஆளு நீங்கதான்” என்று சிரித்துக்கொண்டே இருந்தாள்.

நேற்றுக் காலை பத்து மணி இருக்கும். ஒரு பழைய ரப்பர் மரத்தின் வேர், லாட வடிவக் கல்லறை ஒன்றைப் பாதி விழுங்கியிருந்தது. அஞ்சலை பாராங் கத்தியால் நாலு வெட்டு வெட்டி வேரை எடுத்தாள். மாவைத் தேய்த்தேன். தலையில் நம் பூர்வீக ஊர், ஆன்கோய். அதன் கீழே பெரிய எழுத்தில் குவா. அதன் கீழே போ. அதன் கீழே செங். தம்பி, நான் அங்கேயே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கிறேன், அழுகிறேன், மூக்கில் மாவு. கீழேயிருந்து உன் அத்தான் “கெடச்சாரா?” என்று கேட்டார். அஞ்சலைதான், “தாத்தா இருக்காரு லா, மேல வாங்க!” என்று குன்றே அதிரும்படி கத்தினாள். முழங்கால் வலிக்காரர் எப்படி ஏறினார் என்று எனக்குத் தெரியாது, ஏறிவிட்டார்.

இனிமேல்தான் அதிசயம். கல்லின் இடதுபக்கம் அடியில் வாரிசுகளின் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். மகன்கள் தியாம் சூன், தியாம் ஹாக் என்று பெரியப்பாவும் நம் அப்பாவும். அதன் கீழே பேரன்கள் மூன்று பேர். முதலில் எங் ஹாய், பெரியப்பாவின் மூத்த மகன், போய்ச் சேர்ந்த நம் ஹாய் அண்ணன். கடைசியில் எங் தோங் என்று ஒருவர், யாரென்றே தெரியவில்லை. நடுவில் யார் பெயர் தெரியுமா?

எங் லீயாட். உன் பெயர்!

மூன்று தரம் மாவைத் துடைத்துவிட்டுத் திரும்பத் தேய்த்தேன். உன் அத்தானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். அதே எழுத்துகள், அதே பெயர். நீ பிறப்பதற்குப் பதினாறு வருடம் முன்னால் வெட்டிய கல்லில் உன் பெயர் எப்படி வந்தது? எனக்குத் தலைகால் புரியவில்லை.

பெண் பிள்ளைகளைக் கல்லில் வெட்டவில்லை, அத்தைகள் யாரும் இல்லை. நான் அப்போது பிறக்கவும் இல்லை, பிறந்திருந்தாலும் இருந்திருக்க மாட்டேன். எட்டு நாள் மாவு தேய்த்தவளுக்கு ஒரு புள்ளிகூட இல்லை பார்!

நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். தாத்தா கிடைத்தார் என்றதும் கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. உன் பெயரைச் சொன்னதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வற்புறுத்திக் கேட்டேன். “செத்துப்போன புள்ள பேரா இருக்கும். அந்தக் காலத்துல எத்தனையோ சாவும். அந்தப் பேரையே ஒங்கப்பன் இவனுக்கு வச்சிருப்பான். போயி வேலையப் பாரு” என்றார். யோசித்துப் பார்த்தால் அதுவும் இருக்கலாம், இல்லையா? எதுவானாலும் எவ்வளவு ஆச்சரியம்! உடனே உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எலும்பு எடுக்கும் நாளை ஏப்ரல் 24, ஞாயிறு என்று குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். தேதியை மட்டும் சொல்லி வைக்கிறேன். வேறொன்றும் சொல்லவில்லை.

மழையில் நனையாதே. நூறு வயது வாழ்க.

அக்கா சியூ கிம்

---

தைப்பிங்
31 மார்ச் 1994

என் தம்பி எங் லீயாட்டுக்கு,

உன் அட்டை வெள்ளிக்கிழமை வந்தது. பதினோரு வருடத்தில் முதல் தரமாக அதில் எழுத்து இருந்தது. “ஆக, பெயர்கூட ஒரு செத்த குழந்தையின் பழைய சட்டைதான். நல்லது. இனி இதைப் பற்றி எழுத வேண்டாம், அக்கா.” ஒரு வரி கேட்டேன், கிடைத்தது. போதுமடா சாமி.

தப்பு என்னுடையது. உற்சாகம் வந்தால் எனக்கு மூளை வேலை செய்யாது, கைதான் வேலை செய்யும். பெரியப்பா வாயிலிருந்து விழுந்ததை அப்படியே பொட்டலம் கட்டி உனக்கு அனுப்பியிருக்கிறேன். நீ வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். இந்த ஒன்றை மட்டும் கடைசி வரை வாசி. பிறகு கிழித்துப் போட்டாலும் கேட்க மாட்டேன்.

அட்டையைப் படித்த மறுநாளே சங்கத்துக்குப் போனேன். குழந்தைகளின் சாவுக்குத் தனிப் புத்தகம் இருக்கிறது. அடிவாரத்தில் கல் வைக்காமல் புதைப்பார்கள், ஏட்டில் ஒரு வரி மட்டும் இருக்கும். இருபத்தைந்திலிருந்து நாற்பது வரை பதினைந்து வருடத்துக் குழந்தைகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். அதை வாசிக்கக் கூடாது தம்பி, நெஞ்சு தாங்காது. ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் குவா எங் லீயாட் என்று வந்துவிடக் கூடாதே என்று கும்பிட்டுக்கொண்டே திருப்பினேன். நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து லாய் தன் விதைகளைக்கூட மூடி வைத்துவிட்டார். “ஏம்மா, நீங்க செத்தவனத் தேடறீங்களா, இல்ல செத்திருக்கக் கூடாதுன்னு தேடறீங்களா?” என்று கேட்டார். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

அப்படி ஒரு குழந்தை இல்லை. குவா வீட்டுக் குழந்தைகள் இரண்டு இருந்தன, இரண்டும் பெண்கள், வேறு குவா வீடு. ஆனால் அதை வைத்து நான் சந்தோஷப்பட முடியுமா? வேறு ஊரில் புதைத்திருந்தால்? பதியாமலே விட்டிருந்தால்? தாத்தாவின் பதிவில் வாரிசு விவரமும் இருக்கும், அது கிடைத்தால்தான் கல்லில் இருப்பது யார் என்று தெரியும். அதுதான் எலிப் புத்தகத்தில் இல்லையே.

அப்போதுதான் லாய் ஒரு கேள்வி கேட்டார். “கல்லுல என்ன வருஷம் போட்டிருக்கு?”

நான் விழித்தேன். பெயர்களைப் பார்த்ததும் துள்ளிக் குதித்துக் குன்றிறங்கியவள், வருடத்தை வாசிக்கவே இல்லை! லாய் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி ரப்பர் பூட்ஸ், மறுபடி மாவு, மறுபடி அஞ்சலை. “தாத்தா எங்கயும் ஓடிரல, மெதுவா வாங்க” என்று பின்னாலேயே வந்தாள். வலதுபக்க ஓரத்தில், பாசிக்கு அடியில், இருந்தது. பன்றி வருடம், பன்னிரண்டாம் மாதம்.

புரிகிறதா? தாத்தா இறந்தது ஆங்கில மாதம் ஜனவரியில். நாம் ஜனவரி வந்ததும் வருடம் மாறிவிட்டது என்று எண்ணிவிட்டோம். புத்தகம் எழுதியவர்களுக்குச் சீனப் புத்தாண்டு வரும்வரை பழைய பன்றி வருடம்தான். நாங்களெல்லாம் எலியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தோம், தாத்தா பேசாமல் பன்றியில் படுத்திருந்தார். ஐம்பத்தெட்டு வருடமாக ஒரு குடும்பமே வருடம் தெரியாமல் படைத்திருக்கிறது! லாய் பன்றிப் புத்தகத்தை எடுத்து வந்தார். கடைசியிலிருந்து நாலாவது பக்கம். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு அவரே வாசித்தார். நான் அதை ஒரு எழுத்து மாறாமல் எழுதி வந்திருக்கிறேன்.

“குவா போ செங், வயது ஐம்பத்து நாலு, ஆன்கோய் ஊரார், ஈய வியாபாரம். மகன் இருவர். பேரன் மூவர், பிறந்தது ஒன்று. இளைய மகன் தியாம் ஹாக் கேட்டுக்கொண்டபடி, அவர் வழியில் பிறக்கவிருக்கும் பேரன் இருவர் பெயர் கல்லில் சேர்க்கப்பட்டது. எங் லீயாட், எங் தோங்.”

பிறக்கவிருக்கும் பேரன்! லாய்க்கு இது புதிதில்லையாம். “வம்சம் பெருகணும்னு வரப்போற புள்ளைங்க பேரையும் சேத்து வெட்டுவாங்க. பழைய கல்லுல நெறய உண்டு. வெளிய சொல்லிக்க மாட்டாங்க” என்றார். எனக்கு இது தெரியாது. கல் வெட்டுவது ஆண்கள் காரியம், நம்மை யார் கூப்பிட்டுச் சொன்னார்கள்? நான் வாசித்ததையே திரும்பத் திரும்ப வாசித்தேன். பன்றி வருடத்தில் அப்பாவுக்கு இருபத்தோரு வயது. அம்மாவைப் பார்த்ததுகூட இல்லை. நான் பிறக்க இன்னும் ஐந்து வருடம். நீ பிறக்கப் பதினாறு வருடம். அப்போதே உட்கார்ந்து தன் பிள்ளைக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்.

நீ வீட்டுக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்குப் பதினோரு வயது. அப்பா பத்து காஜா ஊரிலிருந்து கடைசிப் பேருந்தில் மழையில் வந்தார். சட்டைக்குள் எதையோ பொத்திக்கொண்டு வந்தார், பொத்தானைக் கழற்றினால் நீ. உன் தலையில் ஒரு துளி மழை விழவில்லை, அவர்தான் தொப்பலாக நனைந்திருந்தார். அம்மா உன்னை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, “நாளைக்குச் சோசியர்கிட்டப் போயி நல்ல பேராக் கேட்டுட்டு வாங்க” என்றாள். அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே, “பேரு இருக்கு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். சோதிடரைக் கேட்காமல் பெயர் வைத்தாரே என்று அம்மா பத்து வருடம் குறைப்பட்டுக்கொண்டிருந்தாள். நான் பிறந்த பிறகு பதினோரு வருடம் அவர் காத்திருந்திருக்கிறார். அந்தப் பெயரை வேறு யாருக்கும் அவர் கொடுக்கவில்லை. உன்னைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து உனக்குக் கொடுத்தார். செத்த பிள்ளையின் சட்டை என்று எழுதினாயே, தம்பி, இப்போது சொல்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பெரியப்பாவிடம் போனேன். இந்தத் தடவை அவர் திரும்பிக்கொள்ளச் சுவர் இல்லாதபடி கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். காதில் வாயை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். தாளை வாங்கித் தடவிப் பார்த்தார். பிறகு, “கல்லு வெட்டறவன் கடையில வச்சுச் சிரிச்சேன் நான். ‘கல்யாணமே ஆவல, இவனுக்குப் புள்ளைக்குப் பேரு வேணுமாம்’னேன். ஒங்கப்பன் கேக்கல. ‘பேரு இருந்தா புள்ள வரும்ணே’ன்னான்” என்றார்.

நான் விடவில்லை. பதினோரு வருடத்துக்கு முன் திறக்க வேண்டிய வாயை இப்போது திறந்தேன். அப்பா சாவில் இது உங்களுக்கு ஞாபகம் வரவில்லையா என்று கேட்டேன். கிழவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். “வந்துச்சு. சட்டிய வாங்கும்போதே வந்துச்சு. அத்தன பேரு முன்னால கேட்டுட்டேன், திருப்பிக் குடுக்க மனசு வரல” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அப்படியே கட்டிலோடு தூக்கி வெளியே வைத்திருப்பேன். ஆனால் எண்பத்து நாலு வயதில் இதை என்னிடம் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. பொய் சொல்லியிருக்கலாம், காது கேட்கவில்லை என்றிருக்கலாம். அதனால் அவர் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டேன்.

எலும்பு எடுக்கும்போது அதன்மேல் வெயில் படக் கூடாது. குழியிலிருந்து தாழிக்குப் போகும்வரை ஒருவர் கறுப்புக் குடை பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும், பேரன்களில் மூத்தவர்தான் பிடிக்க வேண்டும். எங் ஹுவாட் ஈப்போவிலிருந்து வந்து பிடிப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெரியப்பா அன்று மாலையே அவனுக்குப் போன் போடச் சொல்லி, என் முன்னால் வைத்தே பேசினார். “நீ வந்து பக்கத்துல நில்லு. கொடையத் தொடாத. கல்லுல இருக்கிற வரிசதான் வரிச. ஹாய் போயிட்டான், அடுத்தது லீயாட்.” எங் ஹுவாட்டும் நல்ல பையன்தான், “சரிப்பா, அப்படித்தான் செய்யணும்” என்றானாம். நான் கிளம்பும்போது பெரியப்பா என்னைக் கூப்பிட்டு, “என்னயப் பாக்க வர வேணாம்னு எழுது. அவன் தாத்தாவப் பாக்க வரட்டும்” என்றார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் எழுபது வருடமாக நுழைந்ததில்லை, இனி நுழையவும் நுழையாது. இதற்கு நீ என்ன பெயர் வைக்கிறாயோ வைத்துக்கொள்.

உரிமை கோரும் தாளை நேற்று சங்கத்தில் கொடுத்துவிட்டேன். பொறுப்பேற்கும் பேரன் என்ற இடத்தில் உன் பெயரை எழுதினேன். உன்னைக் கேட்கவில்லை. கோபப்படுவதென்றால் நேரில் வந்து கோபப்படு. லாய் தாளையும் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, “சான்று எதுவும் வேணாம், புத்தகத்துலயே இருக்காரு” என்று முத்திரை குத்தினார்.

என்னை நினைத்துப் பார். அப்பாவின் ரத்தம் நான். அந்தக் கல்லில் எனக்கு இடம் இல்லை, புது மண்டபத்திலும் எழுத மாட்டார்கள். அதற்காக நான் ஒரு வாரம் மனதுக்குள் பொருமிக்கொண்டேன், ஒளிக்கவில்லை. உனக்குத் தானாகக் கிடைத்திருக்கிற இடத்தை நீயும் வேண்டாம் என்றுவிட்டால், அப்பா வழியில் அங்கே ஒருவரும் இல்லாமல் போய்விடும். எங் தோங் என்ற பெயரும் இன்னும் ஆள் இல்லாமல்தான் கிடக்கிறது. நாற்பத்திரண்டு ஒன்றும் பெரிய வயதில்லை, அதை வேறொரு நாள் பேசிக்கொள்வோம்.

உன் அத்தான் பினாங்கு விமான நிலையத்துக்குத் தன் ஓட்டைக் காரை எடுத்துக்கொண்டு வரத் தயாராக இருக்கிறார். இருபத்து மூன்றாம் தேதி காலையிலிருந்து மாலை வரை அங்கேயே உட்கார்ந்திருப்பாராம், எந்த விமானம் என்று நீ சொல்ல வேண்டியதில்லையாம். மடக்கு நாற்காலியைக் காரில் ஏற்றியாகிவிட்டது.

கடைசியாக ஒன்று. எலும்பைத் தொடுவதற்கு முன் குடை பிடிப்பவர் குழியைப் பார்த்துக் கூப்பிட வேண்டும். “தாத்தா, நான் இன்னார் வந்திருக்கிறேன். வீடு மாறப் போகிறோம், பயப்படாமல் எழுந்திருங்கள்” என்று சொல்ல வேண்டும். நீ வராவிட்டால் நான் சொல்லத் தயார், யார் தடுத்தாலும் சொல்லுவேன். ஆனால் சியூ கிம் என்றால் அவருக்கு யாரென்று தெரியாது. எங் ஹுவாட் என்றாலும் தெரியாது. ஐம்பத்தெட்டு வருடமாக அவர் தலைமாட்டில் இருப்பது உன் பெயர். கூப்பிட்டால் அவர் எழுந்திருக்கக்கூடிய குரல் உன்னுடையதுதான்.

ஆயுசோடும் ஆரோக்கியத்தோடும் இரு, என் தம்பி. வீட்டுக்கு வா.

உன் அக்கா,
குவா சியூ கிம்